சிறப்புக் குழந்தைகளின் குடல் நுண்ணுயிர்க் கோளாறுகள்: மாற்று சிகிச்சைகள்

ஆட்டிசம், டவுன் சிண்ட்ரோம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு ஆகியவற்றோடு வளரும் குழந்தைகளுக்கு மலச்சிக்கல், வயிற்றுப்போக்கு, வயிற்றுவலி, வாயுத்தொல்லை ஆகியவை மற்றக் குழந்தைகளைவிட அதிகமாக வருகின்றன. குடலில் வாழும் பாக்டீரியாக்களின் சமநிலை குலைவதே இதற்குக் காரணம் என்ற கருத்தை வைத்து, வழக்கமான மருத்துவத்துக்கு வெளியே பல முறைகள் கையாளப்படுகின்றன. பத்திய உணவு, புரோபயாட்டிக் எனப்படும் உயிருள்ள பாக்டீரியாப் பொடிகள், மூலிகை மருந்துகள், ஆரோக்கியமானவரின் மலத்திலிருந்து நுண்ணுயிர்களை எடுத்துச் செலுத்துவது ஆகியவை அவற்றில் முக்கியமானவை. இவற்றில் சில வயிற்றுக்கு இதமளிக்கின்றன. சில பயனற்றவை, சில உயிருக்கே உலை வைப்பவை. ஆட்டிசத்தைக் குணப்படுத்துவதாக இதுவரை எதுவும் நிறுவப்படவில்லை. ஆனால் குழந்தையின் வயிற்றுவலி உண்மையானது, பெரும்பாலும் எளிய மருத்துவத்தால் தீர்க்கக்கூடியது. ஆட்டிசம் மாறுமா என்ற கேள்வியோடு முடிச்சுப் போடாமல், வலியை வலியாகவே பார்த்து வைத்தியம் செய்வது அந்தக் குழந்தைக்குச் சேரவேண்டிய உரிமை.

உபாதையின் இயல்பு

‘பீடியாட்ரிக்ஸ்’ இதழில் 2014-இல் வெளியான தொகுப்பாய்வு, ஆட்டிசம் உள்ள குழந்தைகளுக்குக் குடல் தொல்லைகள் பொதுவாக 4 மடங்குக்கு மேலும், மலச்சிக்கலும் வயிற்றுப்போக்கும் 3 மடங்குக்கு மேலும், வயிற்றுவலி 2 மடங்குக்கு மேலும் அதிகம் என்று கணக்கிட்டது. காரணம் எல்லாக் குழந்தைக்கும் ஒன்றல்ல. மூளை முடக்குவாதம் உள்ள குழந்தை நடமாட்டம் குறைந்து, விழுங்கச் சிரமப்பட்டு, தண்ணீரும் போதுமான அளவு குடிக்காததால் மலம் இறுகுகிறது. உமிழ்நீர் வடிவதையும் தசை முறுக்கத்தையும் குறைக்கத் தரப்படும் ட்ரைஹெக்சிஃபெனிடில் மாத்திரையும் மலத்தைக் கட்டும். டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களுக்குத் தைராய்டு சுரப்புக் குறைவு, சீலியாக் நோய், பெருங்குடலின் நரம்பணுக்கள் பிறவியிலேயே இல்லாமல் போகும் ஹிர்ஷ்பிரங் நோய் ஆகியவை கூடுதலாக வருகின்றன. ஆட்டிசக் குழந்தைகளிடம் பெரும்பாலும் காணப்படுவது உணவுத் தேர்வின் குறுகல். வெள்ளைச் சோறும் ஒரே நிறுவனத்தின் பிஸ்கட்டும் தவிர வேறெதையும் தொடாத குழந்தைகள் பலர்.

பேச்சு வராத குழந்தை வயிறு வலிக்கிறது என்று சொல்லாது. மேசை விளிம்பில் வயிற்றை அழுத்திக்கொண்டு நிற்கும். நள்ளிரவில் எழுந்து அழும். முதுகை வில்லாக வளைக்கும், தலையை முட்டிக்கொள்ளும், மலம் வரும்போது குதிகாலை உயர்த்திக் காலைப் பின்னிக்கொண்டு மூலையில் ஒளியும். இவை ‘அடம்’ என்றும் ‘ஆட்டிசத்தின் குணம்’ என்றும் ஒதுக்கப்பட்டுவிடுகின்றன. இன்னொரு தவறான புரிதல் இதைவிட அடிக்கடி நிகழ்கிறது. பெருங்குடலில் நாள்கணக்கில் இறுகிய மலத்தைச் சுற்றி, மேலிருந்து வரும் நீர்த்த மலம் கசிந்து உள்ளாடையை நனைக்கும். பார்ப்பவர்கள் வயிற்றுப்போக்கு என்று நினைத்து அதைக் கட்டும் மருந்தைக் கொடுக்கிறார்கள். நோய் இரட்டிப்பாகிறது. மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்தாலே பெரும்பாலும் தெரிந்துவிடும் இந்த மலச்சிக்கலுக்குப் பாலிஎத்திலீன் கிளைகால் பொடியும் லாக்டுலோஸ் சிரப்பும் முதல்நிலை மருந்துகள். லாக்டுலோஸ் குடல் பாக்டீரியாக்களுக்கு உணவாகவும் ஆவதால், விலையுயர்ந்த ப்ரீபயாட்டிக் பொடிகள் செய்வதாகச் சொல்லும் வேலையில் ஒரு பகுதியை இந்தச் சாதாரண சிரப்பே செய்கிறது. பல மாதங்கள் தொடர்ந்து கொடுக்கவேண்டியிருக்கும். இரண்டு வாரத்தில் நிறுத்திவிட்டு ‘ஆங்கில மருந்து கேட்கவில்லை’ என்று வேறு வழி தேடிப் போவதுதான் வழக்கமாக நடப்பது.

பாக்டீரியாவைத் தேடிய ஆய்வுகள்

ஆட்டிசத்துக்கும் குடல் பாக்டீரியாவுக்கும் தொடர்பு இருக்கலாம் என்ற எண்ணத்தை மருத்துவ இதழ்களுக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் ஒரு தாய். அமெரிக்காவைச் சேர்ந்த எல்லன் போல்ட், தம் மகனுக்குத் தொடர்ந்து ஆன்டிபயாட்டிக் கொடுக்கப்பட்ட பிறகு வயிற்றுப்போக்கும் ஆட்டிசமும் தோன்றியதைக் கவனித்து, கிளாஸ்டிரிடியம் வகை பாக்டீரியா காரணமாக இருக்கலாம் என்று 1998-இல் ஒரு கருதுகோளை வெளியிட்டார். அதைத் தொடர்ந்து, நுண்ணுயிரியலாளர் சிட்னி ஃபைன்கோல்டும் சேர்ந்திருந்த குழு 11 குழந்தைகளுக்கு வான்கோமைசின் மருந்தை வாய்வழி கொடுத்துப் பார்த்தது. 2000-இல் வந்த முடிவின்படி குழந்தைகளில் பலரிடம் முன்னேற்றம் தெரிந்தது. மருந்தை நிறுத்தியதும் அது பெரும்பாலும் மறைந்தது. வான்கோமைசின் கடும் தொற்றுகளுக்காகக் காத்து வைத்திருக்கவேண்டிய மருந்து. இந்தச் சிறிய சோதனையைக் காட்டிக் குழந்தைகளுக்கு அதை நீண்ட நாள் கொடுப்பது நியாயமாகாது.

கலிஃபோர்னியத் தொழில்நுட்பக் கழகத்தில் 2013-இல் நடந்த எலி ஆய்வு, பாக்டீராய்ட்ஸ் ஃப்ராஜிலிஸ் என்ற ஒரே பாக்டீரியாவால் எலிகளின் குடல் கசிவும் சில நடத்தைகளும் சீரடைந்ததைக் காட்டியது. 2017-இல் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகக் குழு 18 குழந்தைகளுக்கு இரண்டு வாரம் வான்கோமைசின் கொடுத்து, குடலைச் சுத்தம் செய்து, பின் ஏழெட்டு வாரம் நல்ல குடல் நுண்ணுயிர்களைச் செலுத்தியது. வயிற்றுத் தொல்லைகள் ஏறத்தாழ 80 விழுக்காடு குறைந்தன. இரண்டாண்டு கழித்துப் பார்த்தபோதும் நன்மையின் பெரும்பகுதி நீடித்தது. ஆனால் ஒப்பிட்டுப் பார்க்கப் போலி மருந்து பெற்ற குழு எதுவும் அதில் இல்லை. என்ன தருகிறோம் என்பது பெற்றோருக்கும் மருத்துவர்களுக்கும் தெரியும். நம்பிக்கையே மதிப்பெண்ணை உயர்த்திவிடும் சூழல் அது.

2021 நவம்பரில் ‘செல்’ இதழில் வந்த ஆஸ்திரேலிய ஆய்வு 247 குழந்தைகளின் மலத்தை ஆராய்ந்தது. அவர்களில் 99 பேர் ஆட்டிசம் உள்ளவர்கள். குடல் பாக்டீரியாக்களுக்கும் ஆட்டிசத்துக்கும் நேரடித் தொடர்பு மிகச் சொற்பமாகவே தெரிந்தது. உணவு வகைகள் குறைந்திருந்த குழந்தைகளிடம்தான் பாக்டீரியா வகைகளும் குறைந்திருந்தன. அதாவது ஆட்டிசம் உணவைச் சுருக்குகிறது, சுருங்கிய உணவு பாக்டீரியாக்களைச் சுருக்குகிறது என்று காரணத்தின் திசையையே அந்த ஆய்வு மாற்றிப் போட்டது. பத்தியம் விதித்து உணவை இன்னும் குறுக்கும் எந்த வைத்தியத்தையும் இந்த முடிவை மனத்தில் வைத்தே எடைபோட வேண்டும்.

மதுரை–சென்னை குளூக்கன் ஆய்வு

இத்துறையில் தமிழ்நாட்டில் நடந்து உலக இதழ்களில் வெளிவந்த ஆய்வு ஒன்று தனியாகச் சொல்லத்தக்கது. மதுரையில் உள்ள ஜெய்கேர் என்ற சிறப்புக் குழந்தைகள் மையமும், சென்னை நிச்சி-இன் மறுசீரமைப்பு மருத்துவ மையமும், ஜப்பானிய ஆய்வாளர்களும் சேர்ந்து நடத்தியது அது. ஆரியோபாசிடியம் புல்லுலன்ஸ் என்னும் கருநிற ஈஸ்ட்டை வளர்த்துப் பெறும் பீட்டா குளூக்கன் என்ற நார்ச்சத்து, ஜப்பானில் உணவுத் துணைப்பொருளாக விற்பனையில் உள்ளது. ஆட்டிசம் உள்ள 18 பேர் சேர்க்கப்பட்டனர். 6 பேருக்கு வழக்கமான பயிற்சிகளும் எல்-கார்னோசின் என்ற துணைச்சத்தும் மட்டும் தரப்பட்டன. 12 பேருக்கு அவற்றோடு குளூக்கனும் 90 நாள் தரப்பட்டது. குளூக்கன் எடுத்தவர்களிடம் தூக்கமும் இரத்த மெலடோனின் அளவும் மேம்பட்டன. ஆட்டிச மதிப்பெண் குறைந்தது. மலத்தில் என்ட்ரோபாக்டீரியாக்கள் குறைந்து ஃபீகாலிபாக்டீரியம் பிரவுஸ்னிட்சி என்ற நல்ல பாக்டீரியா கூடியது என்றும் 2022-ஐ ஒட்டி வந்த கட்டுரைகள் கூறின.

கேட்பதற்கு நம்பிக்கை தருகிறது. இரவில் இரண்டு மணி நேரம் மட்டுமே தூங்கும் பிள்ளையை வைத்திருக்கும் வீட்டில் தூக்கம் சீராவது சின்ன விஷயமே அல்ல. ஆனாலும் 12 குழந்தைகள் என்பது தொடக்கப் புள்ளி மட்டுமே. இந்த ஆய்விலும் யாருக்கு எது தரப்பட்டது என்பது எல்லோருக்கும் தெரியும். ஆய்வாளர்களில் சிலருக்கு அந்தப் பொருளைத் தயாரிக்கும் நிறுவனத்தோடு பங்குத் தொடர்பு உண்டு என்பதைக் கட்டுரைகளே வெளிப்படையாகச் சொல்கின்றன. அது குற்றமல்ல. ஆனால் அத்தகைய தொடர்பு ஏதுமில்லாத வேறொரு குழு, அதிகம் பேரை வைத்து, போலிப் பொடியோடு ஒப்பிட்டுச் செய்த பிறகே இதைச் சிகிச்சை என்று அழைக்கமுடியும்.

உணவுவழி முறைகள்

கோதுமையின் குளூட்டனையும் பாலின் கேசினையும் நீக்கும் உணவுமுறைதான் உலகெங்கும் அதிகம் பின்பற்றப்படுகிறது. அமெரிக்காவின் ராச்செஸ்டரில் 14 குழந்தைகளுக்கு இந்த உணவைப் பழக்கி, பிறகு யாருக்கும் தெரியாதபடி குளூட்டனும் கேசினும் கலந்த தின்பண்டத்தைக் கொடுத்துப் பார்த்த ஆய்வில், நடத்தையிலோ தூக்கத்திலோ மலத்திலோ வேறுபாடு காணப்படவில்லை. தமிழ்நாட்டு நிலைமைக்கு இன்னொரு கணக்கும் பொருந்தும். 2016-இல் வெளியான இந்திய ஆய்வின்படி, குளூட்டனால் தூண்டப்படும் சீலியாக் நோய் வட இந்தியாவில் 1.23 விழுக்காடு, தென்னிந்தியாவில் வெறும் 0.10 விழுக்காடு. சோறும் இட்லியும் உண்ணும் வீட்டில் கோதுமையை நிறுத்துவது எளிது, இழப்பும் அதிகமில்லை. சந்தேகம் இருந்தால் நிறுத்துவதற்கு முன்பே இரத்தப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். நிறுத்திய பிறகு செய்தால் நோய் இருந்தாலும் தெரியாது. பாலையும் தயிரையும் நிறுத்துவதுதான் பெரிய இழப்பு. முட்டையோ மீனோ தொடாத, காய்கறியைத் துப்பிவிடும் பிள்ளைக்குத் தயிர்சாதம் ஒன்றே புரதமாகவும் கால்சியமாகவும் இருக்கும். ஆட்டிசம் உள்ள 75 சிறுவர்களின் கை எலும்பைப் படமெடுத்துப் பார்த்த 2008 ஆய்வு, எலும்பின் தடிமன் குறைந்திருப்பதையும், பால் தவிர்த்தவர்களிடம் அது மேலும் மெலிந்திருப்பதையும் கண்டது.

புரோபயாட்டிக் பொடிகளைப் பொறுத்தவரை, இத்தாலியின் பீசா நகரில் 85 மழலையரிடம் ஆறு மாதம் நடந்த சோதனை முறையானது. ஆட்டிசத்தின் தீவிரத்தில் மொத்தமாகக் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. ஏற்கெனவே குடல் தொல்லை இருந்த குழந்தைகளுக்கு வயிற்று அறிகுறிகள் சிலவற்றில் நிவாரணம் கிடைத்தது. வயிற்றுக்காக ஓரிரு மாதம் கொடுத்துப் பார்த்து, பயனில்லையென்றால் நிறுத்திவிடலாம் என்பதே இதிலிருந்து கிடைக்கும் நேர்மையான அறிவுரை. எதிர்ப்புச் சக்தி குன்றிய குழந்தைக்கும், மத்தியச் சிரையில் குழாய் பொருத்தப்பட்ட குழந்தைக்கும் இதையும் மருத்துவரைக் கேட்காமல் தரக்கூடாது. ஆட்டிசத்துக்கென்று அதிக விலையில் விற்கப்படும் ஒட்டகப் பாலுக்குச் சான்று மிகக் குறைவு. காய்ச்சாமல் குடித்தால் புரூசெல்லா தொற்று வரலாம்.

தமிழர் சமையலில் புளிக்கவைத்த உணவுக்குக் குறைவில்லை. ஆனால் இங்கேயும் ஒன்றைப் பிரித்தறிய வேண்டும். காஞ்சிபுரம் வரதராசப் பெருமாள் கோயிலில் படைக்கப்படும் இட்லிக்கு அரிசியும் உளுந்தும் புளிக்கவைத்து, மிளகு, சீரகம், சுக்கு, பெருங்காயம், நெய் சேர்த்து, இலை பரப்பிய மூங்கில் குடலையில் வார்த்து நெடுநேரம் ஆவியில் வேகவைக்கிறார்கள். மாவைப் பொங்கவைக்கும் லூக்கோனாஸ்டாக் பாக்டீரியா அந்த ஆவியில் உயிரோடு தப்புவதில்லை. இட்லி எளிதில் செரிக்கும் அருமையான உணவு. உயிருள்ள பாக்டீரியாவைத் தரும் உணவு அன்று. தயிர், மோர், பழைய சோறு ஆகியவற்றில் அவை உயிரோடு வயிற்றுக்குள் போகின்றன. குடல் நோய்களில் பழைய சோற்றின் பயனைச் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது மகிழ்ச்சியான செய்தி. வீட்டில் தருவதற்கு இரண்டு எச்சரிக்கைகள் போதும். ஊற்றும் நீர் காய்ச்சி ஆறவைத்ததாக இருக்கவேண்டும். விழுங்கச் சிரமப்படும் மூளை முடக்குவாதக் குழந்தைக்கு நீராகாரத்தை அப்படியே புகட்டக்கூடாது. மெல்லிய நீர் மூச்சுக்குழாயில் இறங்கிவிடும். சோற்றோடு கரைத்துக் கெட்டியாகத்தான் ஊட்டவேண்டும்.

நாட்டு வைத்தியமும் மாகறல் வட்டாரமும்

இத்தகைய முறைகள் ஊர்ப்புறத்தில் எப்படிப் புழங்குகின்றன என்பதைக் காஞ்சிபுரம் பக்கம் பார்க்கலாம். காஞ்சிபுரத்திலிருந்து உத்திரமேரூர் போகும் சாலையில், செய்யாற்றங்கரையில் உள்ளது மாகறல். உடும்பின் வால் வடிவில் எழுந்தருளியிருக்கும் திருமாகறலீசுவரரைத் திருஞானசம்பந்தர் பாடிய பதிகம் மூன்றாம் திருமுறையில் இருக்கிறது. நோய் தீர வேண்டிக்கொள்ளும் தலமாகவே பக்தர்கள் இதை நாடுகிறார்கள். குழந்தையின் நலத்துக்காக அங்கே வந்து நிற்கும் தாய்க்கு அந்தச் சன்னிதி தரும் தெம்பு பெரிது. வேண்டுதல் எந்த மருந்தோடும் மோதுவதில்லை. மோதுவது, கோயிலுக்கும் மருத்துவமனைக்கும் நடுவே கடை விரித்திருப்பவை.

வட தமிழ்நாட்டு ஊர்களில் ‘இங்கு தொக்கம் எடுக்கப்படும்’ என்ற பலகையைப் பார்க்கலாம். உண்ட உணவு குடலில் ஒட்டிக்கொண்டது என்று சொல்லி, குழந்தையின் வயிற்றிலோ தொண்டைக்குழியிலோ வாயையோ குழலையோ வைத்து உறிஞ்சி, ஒரு துண்டு உணவை வெளியே துப்பிக் காட்டுவார்கள். தோலைத் துளைக்காமல் குடலிலிருந்து உணவு இப்படி வெளியே வர வழியே இல்லை. அந்தத் துண்டு முன்கூட்டியே வாயில் அடக்கி வைத்திருந்தது. குடலேற்றம் தட்டுவதாகச் சொல்லிக் குழந்தையைத் தலைகீழாகப் பிடித்து உலுக்குவதும் உண்டு. வலியைச் சொல்லத் தெரியாத குழந்தையிடம் இதைச் செய்வதைவிடக் கொடுமை வேறில்லை.

சித்த மருத்துவம் இந்த வரிசையில் சேராது. குழந்தை மருத்துவத்தை அது தனிப் பிரிவாகவே வளர்த்திருக்கிறது. மாந்தம், கணம் என்று குழந்தைகளின் நோய்களை வகைப்படுத்துகிறது. தாம்பரம் சானடோரியத்தில் உள்ள தேசிய சித்த மருத்துவ நிறுவனத்தில் குழந்தை மருத்துவத்துக்குப் பட்டமேற்படிப்புத் துறை இருக்கிறது. பட்டம் பெற்ற சித்த மருத்துவரிடம் போவதும், பொட்டலத்தில் பெயரில்லாத பஸ்பம் வாங்குவதும் ஒன்றாகா. 2004-இல் வெளியான ஆய்வுக்காக அமெரிக்காவின் பாஸ்டன் பகுதிக் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேதப் பொருள்களைச் சோதித்தபோது 14-இல் ஈயம், பாதரசம், ஆர்சனிக் ஆகியவற்றில் ஒன்றோ பலவோ இருந்தன. ஈயம் வளரும் மூளையைத் தாக்கும். ஏற்கெனவே தடுமாறும் மூளைக்கு அதைவிடத் தீங்கு எதுவுமில்லை. ஈயமே மலச்சிக்கலையும் வயிற்றுவலியையும் உண்டாக்கும் என்பதால், மருந்தே நோயாகி நிற்பதும் நடக்கும்.

வீட்டு மருந்துகளில் ஓமத் தண்ணீரும் சீரகத் தண்ணீரும் அளவாகத் தந்தால் தீங்கில்லை. வசம்பைச் சுட்டு உரசிப் புகட்டும் பழக்கத்தைச் சிறப்புக் குழந்தைகளிடம் ‘பேச்சு வரும்’ என்ற நம்பிக்கையில் மாதக்கணக்கில் தொடர்கிறார்கள். அதிலுள்ள பீட்டா அசரோன் எலிகளில் புற்றுநோயை உண்டாக்கியதால் அமெரிக்கா 1968-இலேயே வசம்பை உணவில் தடைசெய்தது. விளக்கெண்ணெய் கொடுத்துப் பேதியாக்குவது விழுங்கத் தடுமாறும் குழந்தைக்கு இருமடங்கு ஆபத்து. எண்ணெய் நுரையீரலுக்குள் போனால் எளிதில் ஆறாத நிமோனியா வரும், மிஞ்சியது நீரிழப்பாக முடியும். குழந்தைகளின் வாயிலும் மூக்கிலும் எண்ணெய் விடுவதால் தென்னிந்தியாவில் நேர்ந்த நுரையீரல் பாதிப்புகள் 1970-களிலேயே மருத்துவ இதழ்களில் பதிவாகியுள்ளன.

இந்த வழிகளைத் தேடிப் போகிறவர்களை அறியாதவர்கள் என்று ஒதுக்குவது தவறு. காஞ்சிபுரம் நெசவாளர் வீட்டில், கரையையும் உடலையும் இணைத்து நெய்யும் கோர்வைச் சேலைக்குத் தறியில் இருவர் உட்காரவேண்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருவர் சென்னைக்குப் பஸ் ஏறினால் அன்று தறியே நின்றுவிடும். தெருமுனையில் ஐந்து நிமிடத்தில் குணமாக்குகிறேன் என்பவரின் பலம் அவரது வைத்தியமல்ல, பக்கத்தில் இருப்பதுதான்.

விலக்க வேண்டியவை

குடலைக் காட்டி ஆட்டிசத்துக்குக் காரணம் சொன்னதில் மிகப் பெரிய தீங்கு 1998-இல் ‘லான்செட்’ இதழில் வந்தது. ஆண்ட்ரூ வேக்ஃபீல்ட் 12 குழந்தைகளை வைத்து, குடல் அழற்சியையும் ஆட்டிசத்தையும் எம்.எம்.ஆர். தடுப்பூசியோடு இணைத்தார். 2010-இல் அக்கட்டுரை திரும்பப் பெறப்பட்டது, அவர் பெயர் மருத்துவர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டது. அதற்குள் பல நாடுகளில் தடுப்பூசி விகிதம் சரிந்து தட்டம்மை திரும்பியிருந்தது. 1998-இலேயே செக்ரிட்டின் ஹார்மோன் ஊசியால் மூன்று குழந்தைகள் தேறியதாகச் செய்தி வந்து மருந்துக்கு அடிதடி ஏற்பட்டது. அடுத்த ஆண்டே 60 குழந்தைகளிடம் நடந்த சோதனையில் அது உப்புநீர் ஊசியைவிட எந்த விதத்திலும் மேலானதல்ல என்று தெரிந்தது.

குடல் புழுக்களைக் கொல்லும் என்று சொல்லி விற்கப்படும் ‘மிராக்கிள் மினரல்’ கரைசல், குளோரின் டையாக்சைடு என்னும் வெளுப்பான். இதை வாய்வழியும் எனிமாவாகவும் குழந்தைகளுக்குச் செலுத்தியவர்கள் உண்டு. அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் 2010-லும் 2019-லும் இதற்கு எதிராக எச்சரித்தது. எனிமாவுக்குப் பின் வெளிவரும் வெள்ளை நாரிழைகளைப் புழு என்று காட்டுவார்கள். அவை வெந்து உரிந்த குடலின் உட்சவ்வு.

மல நுண்ணுயிர் மாற்றத்தை வீட்டில் செய்து பார்ப்பதும் அதே அளவு ஆபத்தானது. 2019 ஜூனில், கொடையாளியின் மலத்திலிருந்து மருந்துக்குக் கட்டுப்படாத ஈ.கோலி பாக்டீரியா தொற்றி, எதிர்ப்புச் சக்தி குறைந்த இருவரில் ஒருவர் இறந்ததாக அமெரிக்க உணவு மருந்து நிர்வாகம் அறிவித்தது. அங்கே 2022-லும் 2023-லும் ஒப்புதல் பெற்ற இவ்வகைத் தயாரிப்புகள் இரண்டும் மீண்டும் மீண்டும் வரும் கிளாஸ்டிரிடியாய்ட்ஸ் டிஃபிசில் என்ற குடல் தொற்றுக்கு மட்டுமே, அதுவும் பெரியவர்களுக்கு மட்டுமே.

கிடைக்கும் உதவி

காஞ்சிபுரம் வட்டாரக் குடும்பங்களுக்கு அருகில் மாவட்டத் தலைமை மருத்துவமனையும் செங்கல்பட்டு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையும் உள்ளன. குடலுக்கான சிறப்புப் பரிசோதனைகளுக்குச் சென்னை எழும்பூர் குழந்தைகள் நல மருத்துவமனை. முட்டுக்காட்டில் 2005 முதல் இயங்கும் தேசிய பல்வகை மாற்றுத்திறனாளிகள் மேம்பாட்டு நிறுவனத்தில் விழுங்கும் பயிற்சி, உணவு வகைகளைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பழக்குதல், கழிப்பறைப் பயிற்சி ஆகியவற்றுக்கு வல்லுநர்கள் இருக்கிறார்கள். குடல் பாக்டீரியா வகைகளைப் பெருக்க நினைக்கும் பெற்றோருக்கு இந்த உணவுப் பழக்கமே உறுதியான வழி. தொடாத காய் ஒன்றைத் தட்டின் ஓரத்தில் வைப்பது, முகர விடுவது, நாக்கில் வைத்து எடுக்க விடுவது என்று வாரக்கணக்கில் நடக்கும் பொறுமையான வேலை அது.

1999-ஆம் ஆண்டுத் தேசிய அறக்கட்டளைச் சட்டத்தின் கீழ் வரும் நிராமயா காப்பீடு, ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுத்திறன் குறைபாடு, பல்வகைக் குறைபாடு உள்ளவர்களுக்கு ஆண்டுக்கு 1 லட்சம் ரூபாய் வரை மருத்துவச் செலவைத் தருகிறது. வெளிநோயாளியாகப் பார்க்கும் மருத்துவம், பரிசோதனை, பயிற்சிகள் இதில் அடங்கும். சேர்வதற்கு முன் மருத்துவப் பரிசோதனை கிடையாது, மாற்றுத்திறனாளிச் சான்றிதழ் வேண்டும். மாற்று மருத்துவத்துக்கென்றும் அதில் தனியாக ஒரு தொகை ஒதுக்கப்பட்டிருப்பதால், முறையான சித்த, ஆயுர்வேத மருத்துவரிடம் பார்த்த செலவையும் ரசீதோடு திரும்பப் பெறலாம்.